இடப்பக்கம் அமர்ந்த ஓட்டுநர்

பழைய படம் ஓடும்போது என்னோடு உட்கார்ந்து பார்க்க முடியாது என்பது என் மனைவி ரோஸ்மேரியின் நிரந்தரப் புகார். கதாநாயகி அழுவாள், இவளும் சேர்ந்து அழத் தயாராவாள். நான் நடுவில் புகுந்து, "இந்த வளைவு கேத்தி, அடுத்த வளைவு குன்னூர், நடுவுல இருந்த பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?" என்று கேட்பேன். அவள் ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, வியாதி. காந்தலில் இருக்கிறேன், பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன், பெயர் பவுல்ராஜ். இணையத்தில் 'படமும் இடமும்' என்று ஒரு குழுவைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்துகிறேன். பழைய படங்களில் வரும் தெரு எது, பாலம் எது, பஸ் எது என்று கண்டுபிடிக்கிற நாலாயிரம் பைத்தியங்கள் அதில் இருக்கின்றன. சென்னையிலிருந்து ஞானசீலன் என்று ஒருவர், டிராம் ஆள். கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் ஒரு கணம் டிராம் கடந்தால் போதும், அதை நிறுத்தி, நெற்றியில் இருக்கும் எண்ணைப் படித்து, தண்டவாளம் வளைகிற விதத்தை வைத்துத் தெருவையே சொல்லிவிடுவார். ரயில் ஆட்கள் உண்டு, பஸ் ஆட்கள் உண்டு. நான் மலை ஆள்.

பஸ் ஆட்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் காட்சியைப் போட்டாலும் டயரைப் பற்றியும் ஹாரனைப் பற்றியும் பேசுவார்கள். பஸ் இன்றைக்கு இங்கே நிற்கும், நாளைக்கு மேட்டுப்பாளையத்தில் நிற்கும். மலை எங்கே போகும்? குழுவின் முகப்பிலேயே 'மலை பொய் சொல்லாது' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே என் படம், கழுத்தில் பைனாகுலரோடு.

போன ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்திக்கு நாற்பத்தைந்து இருக்கும். மற்றவள் அவளுடைய அம்மா, எழுபதை நெருங்கியவள். இளையவள் கையில் நாலைந்து தாள்கள், மேல் தாளில் என் படம், அதே பைனாகுலர்.

"ஏனுங்க சார், இதை எழுதுனது நீங்கதானுங்களா?"

கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்களோ என்று ஒரு விநாடி நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ரோஸ்மேரி டீ போட்டாள்.

இளையவள் பெயர் வாசுகி. கேரட் கழுவும் இடத்தில் தினக்கூலி. தண்ணீரிலேயே ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. அம்மா தெய்வம்மா, சிலோன் தோட்டத்திலிருந்து பதினைந்து வயதில் திரும்பி வந்தவள். இத்தலாருக்கு மேலே ரோடு வளைகிற இடத்தில் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள், அதில் ஒன்று இவர்களுடையது. எஸ்டேட்டைப் புதிதாக வாங்கிய கம்பெனி அந்த இடத்தில் ரிசார்ட் கட்டப் பார்க்கிறது. அந்த ஆறு வீடுகளும் தொண்ணூற்றைந்துக்குப் பிறகு ஆக்கிரமித்துக் கட்டியவை என்று கேஸ் போட்டிருக்கிறது. ஆறு குடும்பத்தின் பழைய காகிதங்கள் எல்லாம் ஒரு மழைக்காலத்தில் மண்சரிவோடு போய்விட்டன. எழுபத்தைந்திலிருந்து அங்கே இருக்கிறோம் என்று சொல்ல அவர்களிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஒரு சினிமாப் பாட்டு.

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். கோர்ட் காகிதங்களில் தேவைக்கு மேல் இருக்கிறது. எழுபத்தெட்டில் எடுத்து அடுத்த ஆண்டு வெளிவந்த கலர்ப் படம். பாட்டின் நடுவில் மலை ரோட்டில் ஒரு பஸ் வளைந்து வரும், அதன் பின்னால் ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசை தெரியும், அதற்குப் பின்னால் மலை. இரண்டு விநாடி. அவர்கள் வக்கீல் அந்தப் பாட்டைக் கோர்ட்டில் கொடுத்ததும் கம்பெனியின் வக்கீல் இணையத்தில் தேடியிருக்கிறார். தேடினால் முதலில் வருவது நான்தான்.

2016-இல் அந்தக் காட்சியைப் பற்றி நான் எழுதியிருந்தேன். இது இத்தலாரிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும் லவ்டேல் பக்கம் எடுத்தது என்று ஐந்து ஆதாரங்களோடு. மலை உச்சியின் விளிம்பைச் சிவப்பு மையில் கோடாக வரைந்து, லவ்டேலில் நானே எடுத்த படத்தின் மேல் பொருத்திக் காட்டியிருந்தேன். அங்கே முன்பு ஓர் ஓட்டு வீட்டு வரிசை இருந்து இடிக்கப்பட்டதாக யாரோ சொன்னதையும் ஆதாரத்தோடு ஆதாரமாகச் சேர்த்திருந்தேன். அறுநூறு பேர் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பதிவைத்தான் பிரிண்ட் எடுத்துக் கம்பெனி கோர்ட்டில் கொடுத்திருந்தது.

"சார், அது எங்க லயம்" என்றாள் தெய்வம்மா. வரிசை வீடுகளை லயம் என்றும் முன்திண்ணையை இஸ்தோப்பு என்றும்தான் அவள் சொன்னாள். "இஸ்தோப்புல செவப்புக் கம்பளி காயுது பாருங்க. சிலோன்லருந்து வந்து எறங்குனப்ப மண்டபம் கேம்புல எங்களுக்குக் குடுத்த கம்பளி அது. நான்தான் காயப் போட்டேன். பஸ்சு திரும்பத் திரும்ப வந்து போனதை எல்லாம் நின்னு பாத்தேன்."

நான் மடிக்கணினியைத் திறந்து காட்சியை நிறுத்தினேன். வரிசையின் இடது ஓரத்து வீட்டு முகப்பில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

"உங்க வீடு எந்த ஓரம்மா?"

"ரோட்டுல நின்னு பாத்தா சோத்தாங்கைப் பக்கக் கடைசி காம்பரா."

"இது இடது ஓரமா இருக்கே."

அவள் திரையைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். "அதான் எனக்கும் புரியல சார். ஆனா கம்பளி எங்களுதுதான்."

"செவப்புக் கம்பளி எல்லார் ஊட்டுலயும் இருக்கும்மா" என்றேன். பிறகு, கேட்காமலேயே, ஐந்து ஆதாரங்களையும் அவர்களுக்கு விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலப் பொறுமையாக விளக்கினேன். வாசுகி டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். போகும்போது தெய்வம்மா ரோஸ்மேரியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

ரோஸ்மேரி டம்ளர்களை எடுத்தாள். "அந்தம்மா பொய் சொல்ற மாதிரி இல்லீங்க" என்றாள்.

"பொய்யுன்னு நானும் சொல்லல. நெனவு மாறிப் போயிருக்கும்."

"தன்னோட ஊடு எந்தக் கடைசின்னா மாறிப்போகும்?"

அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. மறுபடியும் காட்சியைத் திறந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அதை நூறு முறையாவது பார்த்திருப்பேன், ஆனால் ஒவ்வொரு முறையும் மேலே மலையைத்தான் பார்த்தேன். இந்த முறை பஸ்ஸைப் பார்த்தேன். முன்பக்க ஜன்னலிலிருந்து ஒரு காக்கி முழங்கை வெளியே நீட்டியிருந்தது. ஓட்டுநரின் முழங்கை. அது பஸ்ஸின் இடப்பக்கம் இருந்தது.

நம் நாட்டில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதில்லை. முந்தின காட்சியில் கதாநாயகன் இடமிருந்து வலமாக ஓடுகிறான், பஸ்ஸும் அதே திசையில் போனால்தான் கண்ணுக்கு ஒட்டும். அதற்காக எடிட்டர் பிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறார். வலம் இடமாகி, இடம் வலமாகியிருந்தது. மலையும் திரும்பியிருந்தது. திரும்பிய மலை போய் லவ்டேல் மலையோடு பொருந்திக்கொண்டது.

படத்தைக் கணினியில் திருப்பினேன். கம்பளி வலது ஓரத்துக்கு வந்தது. இத்தலார் மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பல் விழுந்த ஈறு போல ஓர் இடைவெளி உண்டு. அது அங்கே இருந்தது.

இந்த முழங்கையைப் பற்றி ஒருவன் 2016-லேயே என்னிடம் சொல்லியிருந்தான். அலன் என்று ஒரு பஸ் ஆள். என் பதிவின் கீழே, 'டிரைவர் பஸ்ஸோட இடது பக்கம் உக்காந்திருக்காரே சார், கவனிச்சீங்களா?' என்று கேட்டிருந்தான். மலையைப் பேசும் இடத்தில் இவன் ஏன் சீட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று எனக்கு எரிச்சல். 'தம்பி, டிக்கெட் எடுத்துட்டுப் பேசுங்க' என்று பதில் போட்டேன். பத்துப் பேர் சிரித்தார்கள். அவன் விடாமல் இன்னொரு முறை கேட்டான். கேள்வியையும் அழித்தேன், அவனையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். என் பெயரின் கீழ் ஒரு தவறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை ஒரு மணி நேரம் விட்டுவைக்க என்னால் முடியாது. எங்கள் குழுவில் யாராலும் முடியாது. அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குள் பழைய பதிவை முழுக்க எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக எழுதினேன். இது லவ்டேல் அல்ல, இத்தலார், காட்சி திருப்பிப் போடப்பட்டது, இதோ ஓட்டுநரின் முழங்கை. எழுதி முடித்ததும் மனசு லேசானது. ஆறு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன். ரோஸ்மேரியிடம் மீன் குழம்பு வைக்கச் சொன்னேன்.

மறுநாள் அவர்களுடைய வக்கீல் ரவிச்சந்திரனைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறவர். என் கைப்பேசியை வாங்கிப் பதிவைப் படித்தார். குரல் தாழ்ந்தது.

"ஏன் சார் இதுல கை வச்சீங்க?"

"தப்பைத் திருத்தினேன்."

"பழசை அப்படியே விட்டுட்டு, தனியா ஒண்ணு எழுதியிருக்கலாமில்லீங்க? இப்ப பாருங்க. பதிவு மாத்தின தேதி, நேரம் எல்லாம் கீழேயே இருக்குது. என் கட்சிக்காரங்க உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போன ரெண்டு மணி நேரத்துல ஒன்பது வருசத்து ஆதாரம் தலைகீழா மாறியிருக்குது. எதிர்த்தரப்பு என்ன கேப்பாங்கன்னு நான் சொல்லணுங்களா?"

சொல்ல வேண்டியதில்லை.

"வழக்குக்கு முன்னாடி யாராச்சும் இதை மறுத்து எழுதியிருந்தா, அது ஒண்ணு போதும்" என்றார். "ஒருத்தர் எழுதியிருந்தாலும் போதும்."

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போனேன். அலனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் சீட் தைக்கிற பட்டறை வைத்திருந்தான். வாயில் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தவன், என்னை அடையாளம் கண்டுகொண்டு ஊசியை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, "மலை சார் நம்ம பட்டறைக்கு வந்திருக்காருங்க" என்று பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னான்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் முகம் மாறியது.

"நான் கேட்டது சரிதானுங்களா அப்போ?"

"சரிதான் அலன்."

"ஒன்பது வருசமா எனக்கு அது ஒரு சந்தேகமாவே இருந்துதுங்க. உங்களையாட்டம் படிச்சவங்க சொல்றப்ப நம்ம கண்ணுதான் தப்புன்னு விட்டுட்டேன்."

"நீங்க எழுதுனதை ஏதாச்சும் படம் புடிச்சு வச்சிருக்கீங்களா? பழைய போன்ல, எங்கயாச்சும்?"

அவன் யோசித்தான். எனக்காக மனப்பூர்வமாக யோசித்தான். "இல்லைங்க சார். ரெண்டு வரிக் கேள்விங்க அது. நீங்கதான் அழிச்சுட்டீங்களே."

குற்றம் சொல்லும் தொனி அதில் கொஞ்சமும் இல்லை.

தெளிவான பிரதி கிடைத்தாலும் போதும் என்று ஞானசீலனைக் கேட்டேன். அந்த முழங்கைக்கு மேலே முகம் தெரிந்தால், கையில் ஸ்டியரிங் தெரிந்தால், யாரும் மறுக்க முடியாது. அவர் இரண்டு மாதம் சென்னை முழுக்க அலைந்தார். படத்தின் நெகட்டிவ் லேபிலேயே கெட்டுப்போய், எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்களாம். மிஞ்சியிருப்பது இணையத்தில் உள்ள அந்த மங்கல் பிரதிதான். "டிராமுக்கும் இதே கதிதான் பவுல்ராஜ்" என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

அக்டோபரில், இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பியது. நானும் போயிருந்தேன், திருப்பிய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு. காலை பத்து மணிக்கு வந்தார். மஞ்சு இறங்கி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தண்ணீர்க் குழாயே தெரியவில்லை. தெய்வம்மா ஆறு வீட்டு வாசலையும் பெருக்கி வைத்திருந்தாள். "இப்ப வெலகிடும் சார், பத்து நிமிசம்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பொறுமைசாலிதான், ஒரு மணி வரை நின்றார். வாசுகி மூன்று முறை டீ கொடுத்தாள். 'மலை தென்படவில்லை' என்று எழுதிக்கொண்டு அவர் போனபோது நான் அந்தப் பிரிண்ட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

நவம்பரில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் இளம் பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"2016-இல் இந்தப் பதிவை எழுதியது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"யாராவது சொல்லிக்கொடுத்து எழுதினீர்களா?"

"இல்லை."

"ஒன்பது ஆண்டுகளில் எப்போதாவது இதில் சந்தேகம் வந்ததா?"

"இல்லை."

"இந்தப் பெண்கள் உங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று வந்தது."

"காட்சி திருப்பிப் போட்டது அம்மா. டிரைவர் முழங்கையைப் பாருங்க."

"கண்டக்டரும் காக்கிதானே போடுவார்? இடப்பக்கம் வாசலோரம் நிற்கிற கண்டக்டரின் முழங்கையாக இருக்கக் கூடாதா?"

இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த மங்கலில் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

"அன்றைக்கே யாராவது உங்களை மறுத்தார்களா?"

"ஒருத்தர் மறுத்தார்."

"அது எங்கே இருக்கிறது?"

"அழிச்சுட்டேன்."

"ஏன்?"

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்வரிசையில் வாசுகி வெளுத்த விரல்களைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலனும் வந்து சாட்சி சொன்னான், பாவம், சட்டை இஸ்திரி போட்டு. காகிதம் எதுவும் இல்லாமல் இன்றைக்கு வந்து சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார்கள்.

பிப்ரவரியில் தீர்ப்பு. தகராறு வருவதற்கு முன், எந்த ஆதாயமும் இல்லாத ஒருவர் ஐந்து காரணங்களோடு எழுதியதை நம்புவதா, தகராறு வந்த பின் அவரே மாற்றி எழுதியதை நம்புவதா என்று அதில் கேட்டிருந்தது. நான் நீதிபதியாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் ரவிச்சந்திரன். ஆறில் நாலு குடும்பங்கள் வேண்டாம் என்றுவிட்டன. மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

கடைசி சனிக்கிழமை போனேன். என்ன செய்யப் போனேன் என்று தெரியாது, சும்மா இருக்க முடியவில்லை. வாசுகி கூரை மேல் ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, நான் கீழே வாங்கி அடுக்கினேன். கேரட் யார்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று கிடைத்திருக்கிறதாம். அம்மாவும் மகளும் அங்கே போகிறார்கள்.

மார்ச் மாதத்து வெயில். ஒரு பொட்டு மஞ்சு இல்லை. வீடுகளுக்குப் பின்னால் மலை தன் முழு உயரத்துக்கு நின்றது, அந்த இடைவெளி உட்பட. தெய்வம்மா ரோட்டோரம் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டை ஒருக்கா போடுங்க சார். நேராக்கி வச்சிருக்கீங்களாமே, அதைப் போடுங்க."

கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இரண்டு விநாடி. மறுபடியும் போடச் சொன்னாள். ஏழெட்டு முறை போட்டேன். பஸ் வந்தது, வளைந்தது, வலது ஓரத்தில் கம்பளி ஆடியது. அவள் கைப்பேசியை என் கையோடு பிடித்து, கூரைக்கு மேலே தெரிந்த மலைக்கு நேராக உயர்த்தினாள். மலை மேல் மலை அப்படியே உட்கார்ந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. பார்ப்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அவள் கைப்பேசியை விட்டாள். "நல்லாப் பாக்குறவருன்னு சொன்னாங்க. அதான் சார் உங்ககிட்ட வந்தோம்."

பிறகு பாத்திர மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "இதை இப்படியே உங்க இதுல போடுங்க. ஊடு இருந்துச்சுன்னு நாலு பேரு பாக்கட்டும்."

அங்கேயே நின்று ஒரு படம் எடுத்தேன். பாதி ஓடு போன கூரை, அதன் பின்னால் மலை. பக்கத்தில் திருப்பிய காட்சியை வைத்து, 'இத்தலார், தெய்வம்மாவின் வீடு, வலது கடைசி' என்று எழுதி, என் பெயர் இல்லாமல் குழுவின் பெயரில் போட்டேன். அடுக்கிய ஓடுகளை வண்டியில் ஏற்றி முடித்தபோது கைப்பேசி அதிர்ந்தது. யாரோ ஒருவர், போன வாரம்தான் குழுவில் சேர்ந்தவர், எழுதியிருந்தார்.

'தவறான தகவல். இது லவ்டேல். பவுல்ராஜ் சார் 2016-லேயே ஐந்து ஆதாரங்களோடு நிரூபித்துவிட்டார். தெரியாமல் பதிவிடாதீர்கள்.'

கூடவே என் பழைய பதிவின் படத்தையும் இணைத்திருந்தார். சிவப்புக் கோடு, பைனாகுலர், எல்லாம் இருந்தது, அலனின் கேள்வியைத் தவிர. நான் அழித்ததை அவர் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதற்குள் பதினொரு பேர் அவரைப் பாராட்டியிருந்தார்கள்.

அழிக்கும் பொத்தான் மேல் என் கட்டைவிரல் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விரலை எடுத்துவிட்டு, வண்டியின் பின்கதவைத் தூக்கிக் கொண்டி மாட்டினேன்.